அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கிய வகுப்பு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

"கதை முழுக்க சரியாத்தான் எழுதியிருக்கேன் ஆன்ட்டி, ஒரு இடத்திலயும் தப்பில்ல. அப்புறம் ஏன் சி கிரேடு?"

கோயம்புத்தூரில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பையன் கேட்ட கேள்வி இது. ரோமியோ ஜூலியட் பற்றிய அவனுடைய கட்டுரையை வாங்கிப் பார்த்தேன். நல்ல ஆங்கிலம்தான். ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது ஒரே வரி: கதை எனக்குத் தெரியும், நீ என்ன கண்டாய்?

நம் ஊரில் பாடத்தின் கருத்தைப் பிழையில்லாமல் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். இங்கே கதைச்சுருக்கம் என்பது கட்டுரை தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். பிள்ளைகளோடு பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

படி 1: சிலபஸை வரி விடாமல் படியுங்கள்

முதல் வாரமே ஆசிரியர் சிலபஸ் தருவார். அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்ததோடு அதை மறந்துவிடாதீர்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எதற்கு எத்தனை சதவீதம், தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், கட்டுரையைத் திருத்தி மறுபடி கொடுக்கலாமா. ஒரு வகுப்பில் கட்டுரைகளுக்குப் பாதி மதிப்பெண் இருக்கும்; இன்னொன்றில் வகுப்பில் பேசுவதற்கே கணிசமாக இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் மட்டுமல்ல, பக்கத்துப் பக்கத்து அறை ஆசிரியர்களுக்குள்ளேயே இது மாறும். அதனால் அக்கா போன வருடம் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

ஒவ்வொரு பெரிய வேலைக்கும் ரூப்ரிக் என்ற மதிப்பெண் அட்டவணை கூடவே வரும். எழுதுவதற்கு முன் ஒருமுறை, கொடுப்பதற்கு முன் ஒருமுறை அதைப் பாருங்கள்.

படி 2: பக்கங்களை நாட்களால் வகுங்கள்

240 பக்க நாவலுக்கு மூன்று வாரம் தந்தால், வார இறுதிகளை விட்டு 15 நாள். நாளுக்கு 16 பக்கம். கடைசி ஞாயிற்றுக்கிழமை 150 பக்கத்தை விழுங்கினால் கதை மனதில் நிற்கும், வரி நிற்காது. இந்த வகுப்புக்கு வரிதான் வேண்டும்.

படி 3: பென்சிலோடு படியுங்கள்

இதைத்தான் அனொட்டேஷன் என்கிறார்கள். புத்தகம் பள்ளியுடையது என்றால் ஒட்டுச்சீட்டு போதும். எல்லா வரிக்கும் மஞ்சள் அடித்தால் எந்த வரிக்கும் அடிக்காத மாதிரிதான். திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல், பேச்சு மாறிய ஒரு பாத்திரம், உங்களுக்கே புரியாத ஓர் இடம், இவை கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று மூன்று சொல் எழுதினால்கூடப் போதும். பின்னால் வரப்போகும் கட்டுரையின் விதை அதில்தான் இருக்கும்.

படி 4: பேசுவது யார் என்று கேளுங்கள்

கவிதைக்கு வந்ததும், "கவிஞர் சொல்கிறார் என்று எழுதாதே, கவிதையில் பேசுபவர் என்று எழுது" என்பார் ஆசிரியர். பல பிள்ளைகள் இதில் குழம்புவார்கள். தமிழ் படித்த பிள்ளைக்குக் குழப்பமே வேண்டாம். தலைவி கூற்று, தோழி கூற்று என்று நாம் படித்தது இதுவேதான். கபிலர் ஆண், ஆனால் குறுந்தொகையில் அவர் பாடிய தலைவி கூற்றில் தன் துயரத்தைச் சொல்லுகிறவள் தலைவி. யார், யாரிடம், எந்த நிலையில் சொல்லியது என்பதைத் துறைக்குறிப்பு நமக்கு எடுத்துக்கொடுத்துவிடும். ஆங்கிலக் கவிதையில் அந்தக் குறிப்பை நீங்களே எழுதிப் பாருங்கள், ஒரே வாக்கியத்தில். நான் எந்தப் பிள்ளைக்கும் முதலில் தரும் பயிற்சி இது. தமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில இலக்கியத்துக்குப் போவது பெரிய பலம். தயவுசெய்து அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 5: தீசிஸ் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தீசிஸ் என்றால் ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய உங்கள் வாதம், ஒரே வாக்கியத்தில். "இது காதலைப் பற்றிய நாடகம்" என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே அது தீசிஸ் இல்லை.

அந்தப் பையனோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன். அவன் ஓரத்தில் எழுதியிருந்த கேள்வி, "ஏன் இவ்வளவு அவசரம்?" சரி, அவசரம் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினோம்.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. பாரிஸ் என்ற பிரபு ஜூலியட்டைப் பெண் கேட்டு வருகிறான். ஜூலியட்டுக்கு இன்னும் 14 வயதுகூட ஆகவில்லை, இரண்டு கோடை போகட்டும் என்கிறார் அப்பா காபுலெட். நிதானமான அப்பா. மூன்றாம் அங்கம், நான்காம் காட்சி. வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள். புதன் என்றால் ரொம்பச் சீக்கிரம், வியாழக்கிழமை கல்யாணம் என்று முடிவு செய்கிறார். நான்காம் அங்கம், இரண்டாம் காட்சி. மகள் மன்னிப்புக் கேட்டதும் மகிழ்ந்துபோய் நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நாளை என்பது புதன்கிழமை!

சீக்கிரம் என்று தானே தள்ளிய நாளுக்குத் தானே கல்யாணத்தை இழுத்துவிடுகிறார். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பாதிரியார் லாரன்ஸ் போட்ட திட்டப்படி, இறந்ததுபோல் தோன்றவைக்கும் மருந்தை ஜூலியட் குடிக்க வேண்டியது புதன் இரவு. இப்போது செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிறது. திட்டத்தைச் சொல்லும் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேர இருந்த காலத்தில் ஒரு நாள் காணாமல் போகிறது. கடிதம் கொண்டுபோனவரோ கொள்ளைநோய்ப் பயத்தில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, போகவே முடியாமல் திரும்பி வருகிறார்.

இதைக் கண்டதும் பையனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவன் எழுதிய தீசிஸ்: "முன்னுரை விதியைக் காட்டினாலும், காதலர்களைச் சாவுக்குத் தள்ளுவது பெரியவர்களின் அவசரம் என்பதை நாடகம் கிழமைக் கணக்கோடு காட்டுகிறது." இதை மறுக்கலாம். ஞாயிறு இரவு சந்தித்துத் திங்கள் பிற்பகல் கல்யாணம் செய்துகொண்ட அந்த இருவரும் மட்டும் நிதானமா? அவனே அந்தக் கேள்வியைக் கேட்டான். அதையும் கட்டுரைக்குள் எழுதச் சொன்னேன். எதிர்வாதத்தை மறைக்காமல் சந்திக்கும் கட்டுரைதான் வலுவானது.

படி 6: ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது

முதலில் இந்தப் பத்தி எதை நிறுவப்போகிறது என்று ஒரு வாக்கியம். அடுத்து மூலத்திலிருந்து சின்ன மேற்கோள். நான்கைந்து சொல் போதும். அப்புறம் விளக்கம். மேற்கோள் ஒரு வரி என்றால் உங்கள் விளக்கம் இரண்டு வரியாவது இருக்கட்டும். "இது அவசரத்தைக் காட்டுகிறது" என்று நிறுத்திவிடாமல், அந்தச் சொல் எப்படிக் காட்டுகிறது, வேறு சொல் வந்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று எழுதுங்கள். கதையில் நடப்பதை எப்போதும் நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: காபுலெட் கேட்டார் அல்ல, கேட்கிறார்.

வடிவம் பெரும்பாலும் எம்.எல்.ஏ. முறை, அதாவது மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த கட்டுரை வடிவம். எழுத்து அளவு 12, இரட்டை வரி இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குலம். நாடகம் என்றால் மேற்கோளை அடுத்து அங்கம், காட்சி, வரி எண்களைப் புள்ளி வைத்து அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். இதில் மதிப்பெண் இழப்பது வீண்.

இணையத்தில் கிடைக்கும் சுருக்கத்தையோ செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததையோ உங்கள் பெயரில் கொடுக்காதீர்கள். தண்டனை கடுமையாக இருக்கும் என்பது ஒரு பக்கம். அந்தப் புதன்கிழமையைத் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷம் உங்களுக்குக் கிடைக்காமல் போகும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

படி 7: வட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள்

சாக்ரடிக் செமினார் என்ற பெயரில் மாணவர்களே வட்டமாக உட்கார்ந்து விவாதிப்பார்கள். அமைதியாக இருந்தால் மரியாதை என்று இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிக்காமல் வந்திருக்கிறாய் என்றே நினைப்பார்கள். முதல் நாள் இரவே இரண்டு பக்க எண்களும் ஒரு கேள்வியும் எழுதி வையுங்கள். உச்சரிப்பை நினைத்துக் கூச வேண்டாம். "அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் 42ஆம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று சொன்னாலே வகுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

படி 8: ஏபி எடுப்பதா?

ஏபி என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். 11, 12ஆம் வகுப்பில் ஏபி ஆங்கில இலக்கியம் எடுக்கலாம். மே மாதத் தேர்வில் 55 கொள்குறி வினாக்களுக்கு 1 மணி நேரம், 45 சதவீதம். கவிதை, உரைநடை, நீங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு படைப்பு என மூன்று கட்டுரைகளுக்கு 2 மணி நேரம், 55 சதவீதம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளி: தீசிஸுக்கு 1, சான்றுக்கும் விளக்கத்துக்கும் 4, சிந்தனை நுட்பத்துக்கு 1. கதைச்சுருக்கத்துக்கென்று தனியாகப் புள்ளி ஏதும் இல்லை. நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுக்க வேண்டாம். படிக்கப் பிடித்திருந்தால் எடுங்கள்.

படி 9: ஆசிரியரிடம் போங்கள்

நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பள்ளி முடிந்தபின் உதவிக்கென்று பல ஆசிரியர்கள் நேரம் ஒதுக்குகிறார்கள். குடும்பப் பெயரோடு மிஸ், மிஸ்டர் சேர்த்து ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். "எனக்குப் புரியவில்லை" என்று பொதுவாக எழுதாமல், "என் இரண்டாம் பத்தியில் விளக்கம் போதுமா?" என்று கேளுங்கள். அந்தப் பையன் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் போனான். திருத்தி எழுத ஒரு வாரம் தந்தார்கள். புது வரைவின் ஓரத்தில் இந்த முறை நான்கு கேள்விகள் இருந்தன, எல்லாமே அவனுடைய வாதத்தைப் பற்றியவை.