வெள்ளம் வந்த பிறகு அறிமுகம் தேடாதீர்கள்: டர்பனில் அறநிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் கொட்டித் தீர்த்த மழை 400க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அம்மாகாணத்தின் டர்பன் நகர்ப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இசிபிங்கோ, சாட்ஸ்வொர்த், டொங்காட் போன்ற பகுதிகளில் இத்தகைய பேரிடரின்போது உதவி செய்ய ஓடிவருபவர்களுக்கு மனம் இருக்கிறது. அந்த மக்களோடு முன்பழக்கம் இருப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இதிலிருந்தே பிறக்கின்றன.

கோயில் நிர்வாகக் குழுத் தலைவரிடம் பேசிவிட்டால் சமூகம் முழுவதையும் எட்டியாயிற்று என்று எண்ணுவது முதல் தவறு. நெருக்கடியில் கோயில் மடைப்பள்ளி செய்யும் பணி மதிப்புமிக்கது, ஐயமில்லை. ஆனால் தேவாலயத்துக்குச் செல்லும் தமிழர், எந்தச் சங்கத்திலும் சேராத முதியவர், வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் கோயிலின் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். வீட்டுக்காரரின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், "இந்த வளாகத்தில் நேற்றிரவு எத்தனை பேர் படுத்தீர்கள்?" என்று வாசலில் நின்று கேட்டால் விடுபட்டவர்கள் தெரியவருவார்கள்.

உணவில் நேரும் தவறு சிறியதாகத் தோன்றும், அது சிறியதல்ல. அந்த வெள்ள வாரத்தில் 14ஆம் தேதி சித்திரைப் புத்தாண்டு, மறுநாள் புனித வெள்ளி. புனித வெள்ளி, இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பெருங்கூட்டம் திரளும் நாளும்கூட. பல இந்து வீடுகளில் மீன்கூடச் சமைக்காத அத்தகைய நாட்களில், சோளமாவு, எண்ணெய், சர்க்கரை, தேயிலையோடு டின் மீனையும் வைத்துக் கட்டிய பொட்டலத்தை நீட்டினால், மறுத்துப் பேசக் கூச்சப்படும் பாட்டி அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அமைப்பின் கணக்கிலோ ஒரு குடும்பம் பசியாறியிருக்கும். மீனுக்குப் பதில் பருப்பு வைத்த பொட்டலங்களையும் கட்டுவதற்குப் பெரும் செலவு ஆகாது. முன்னதாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இன்னொன்று: தமிழர் என்பதற்காகத் தமிழில் துண்டறிக்கை அச்சிட்டு அனுப்புவது நல்லெண்ணமே என்றாலும், இங்கு பெரும்பாலான தமிழ் வீடுகளில் புழங்கும் மொழி ஆங்கிலம். அறிவிப்பு ஆங்கிலத்திலும், அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் பேசும் சூலு மொழியிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, உதவியை இன எல்லைப்படி பிரிப்பது. நிறவெறி ஆட்சி கொண்டுவந்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் மக்களை இனவாரியாகக் குடியமர்த்தியது. அது 1991இல் நீக்கப்பட்டாலும் அந்தக் கோடுகள் இன்னும் மறையவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனில் இந்திய வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தக் காயம் ஆறாத ஊர்களில், மேட்டில் இருக்கும் தமிழ்த் தெருவில் லாரியை நிறுத்திவிட்டு, அதே ஆற்றங்கரையில் தகரக் குடிசையை இழந்தவரைக் காத்திருக்கச் செய்வது இரு தரப்புக்கும் தீங்கு. இரு குடியிருப்பினரும் நடந்து வரக்கூடிய இடத்தில், இரு தரப்புத் தொண்டர்களும் சேர்ந்து நின்று வழங்க வேண்டும்.

உதவி பெறுவோரைக் கையேந்துபவர்களாக மட்டும் பார்ப்பதும் தவறே. 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்தபோது, படகில் சென்று நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கரைசேர்த்தவர்கள் அங்கேயே வாழ்ந்த இந்திய மீனவர்கள்தாம்.

முகாமைச் சீக்கிரம் கலைத்துவிட்டுப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மக்கள் பல மாதங்கள் டேங்கர் தண்ணீரை நம்பியிருந்தார்கள். வாளி தூக்க முடியாத முதியவர்களின் வீட்டுக்கு யார் தண்ணீர் கொண்டுபோவது என்ற கேள்வி, செய்தியாளர்கள் போன பிறகுதான் கடுமையானது. எனவே நிதியில் ஒரு பகுதியை மூன்றாம், நான்காம் மாதங்களுக்கென்று முதல் வாரத்திலேயே ஒதுக்கிவைத்து, அதைச் செலவிடும் பொறுப்பை அந்தத் தெருக்காரர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.