ஓய்வுக்காலமும் விலைவாசியும்: எங்கே சறுக்குகிறோம்?

ஓய்வு பெறும்போது எல்லாரும் போடுகிற கணக்கு ஒன்றுதான். மாதம் இவ்வளவு வரும், இவ்வளவு போகும், மிச்சம் இவ்வளவு. கணக்கில் தப்பில்லை, ஆனால் அது அந்த ஒரு மாதத்துக்கான கணக்கு. பத்து வருடம் கழித்து அதே தாளை எடுத்துப் பார்த்தால் வரவு அப்படியே நிற்கும், செலவு மட்டும் வளர்ந்திருக்கும்.

எவ்வளவு வளரும் என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. 72 என்ற எண்ணை விலைவாசி உயரும் சதவீதத்தால் வகுத்தால், விலைகள் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்றால் 12 வருடம். 60 வயதில் மாதம் 100 செலவழித்தவருக்கு, அதே வாழ்க்கையை நடத்த 72 வயதில் 200 வேண்டும், 84 வயதில் 400. இதைச் சொன்னால் “அதுவரைக்கும் யார் இருக்கப் போகிறார்கள்!” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் முதல் தவறு.

அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் முதல் மாத ஓய்வூதியக் காசோலையை வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர். 1940 ஜனவரியில் அவருக்கு வந்த தொகை 22.54 டாலர். நடுவில் உலகப் போர் வந்தது, விலைகள் ஏறின. அவருக்கு வந்த தொகை மட்டும் நகரவில்லை. 1950இல் சட்டத்தைத் திருத்திய பிறகே அது 41.30 ஆனது. அவரோ 100 வயது வரை இருந்து 1975இல் காலமானார். விலைவாசிக்கேற்ப ஓய்வூதியம் தானாக உயரும் ஏற்பாடு அங்கே நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டில்தான், அவர் போய்ச் சில மாதங்கள் கழித்து. உங்களுக்கு வரும் ஓய்வூதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, ஆயுள் முழுக்க அதே தொகையா என்பதை விதிகளில் படித்து உறுதிசெய்துகொள்ளாமல் வேறெந்தத் திட்டமும் போட வேண்டாம்.

அடுத்தது, நிறையப் பேர் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்கிற தவறு: இருக்கிற பணம் மொத்தத்தையும் டெபாசிட்டில் போட்டுவிட்டு, “முதல் பணத்தில் கைவைக்கவில்லை, வட்டியை மட்டும்தான் எடுக்கிறேன்” என்று நிம்மதியாக இருப்பது. வட்டி 7 சதவீதம், விலைவாசி உயர்வு 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100க்கு வருடம் 7 வருகிறது. அதில் 6ஐத் திரும்ப முதலோடு சேர்த்தால்தான் அந்த 100 அடுத்த வருடமும் 100க்கான பொருளை வாங்கும். உண்மையில் நீங்கள் செலவு செய்யக்கூடியது 1. வரி இருந்தால் அதுவும் தேயும். 7ஐயும் எடுத்துச் செலவழித்துக்கொண்டே வந்தால், 12 வருடம் கழித்து பாஸ்புத்தகத்தில் 100 என்றே இருக்கும், ஆனால் பாதிப் பொருள்தான் வாங்க முடியும். முதல் குறையவே இல்லை என்று பாஸ்புத்தகம் சொல்வதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இதை உணர்ந்து பதறுகிறவர்கள் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். மாதம் 2 சதவீதம், 3 சதவீதம் தருகிறேன் என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. அப்படித் தருகிறேன் என்பவர் உங்கள் முதலையே உங்களுக்கு வட்டியாகத் திருப்பித் தருகிறார், அது தீரும் வரை.

பங்குகளில் ஒரு பகுதி இருப்பது விலைவாசியைச் சமாளிக்க உதவும். ஆனால் சந்தை விழுந்த வருடத்தில் வீட்டுச் செலவுக்காக விற்க நேர்ந்தால் அடி பலம். 100 இருந்தது 20 சதவீதம் சரிந்து 80 ஆகிறது. அது மீள 25 சதவீதம் ஏற வேண்டும். அந்த 80இலிருந்து 5ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 75. இப்போது 33 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் பழைய இடம். இரண்டு மூன்று வருடச் செலவுக்கான தொகையைச் சட்டென்று எடுக்கக்கூடிய இடத்தில் தனியே வைத்திருப்பவர், விழுந்த சந்தையில் விற்க வேண்டியதில்லை. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் சொன்ன 4 சதவீதக் கணக்கை (முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போவது), தன் பணம் முழுக்க டெபாசிட்டில் இருக்கிற ஆள்கூட மேற்கோள் காட்டுகிறார். அது அந்த நாட்டின் பழைய சந்தை விவரங்களை வைத்து, ஏறக்குறைய பாதிக்கு மேல் பங்குகளில் இருந்தால் 30 வருடம் தாங்குமா என்று பார்த்த கணக்கு. அப்படியே தூக்கிவந்து இங்கே ஒட்டவைக்க முடியாது.

அரசு அறிவிக்கும் விலைவாசி விகிதத்தை அப்படியே தன் வீட்டுக்குப் பொருத்துவதும் சரிவராது. அது எல்லாக் குடும்பங்களின் சராசரி. டிவியும் போனும் விலை குறைந்தால் சராசரி இறங்கும், ஆனால் வருடாவருடம் டிவி வாங்குகிற முதியவர் யார்? அவருக்கு மருத்துவமும் வீட்டுவேலை உதவியும்தான் பெருஞ்செலவு. ஒரு வருடம் எழுதிவைத்து, அடுத்த வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் உங்கள் வீட்டு விலைவாசி. காப்பீட்டுப் பிரீமியம், சொத்து வரி, ரிப்பேர் போன்ற வருடத்துக்கொருமுறை வரும் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

சிக்கனத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் மருந்தில் கைவைக்கிறார்கள். மாத்திரை அட்டையைப் பார்த்தாலே தெரியும்: பத்து நாளில் தீர வேண்டியது பத்தாவது நாளிலும் பாதி இருக்கும். பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு மிச்சம் பிடித்தது, பக்கவாதம் வந்தால் ஒரே வாரத்தில் பல மடங்காகப் போய்விடும். இதே மூலப்பொருள் கொண்ட ஜெனரிக் மருந்து உண்டா, நிறுத்தக்கூடிய மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடமே கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், யாரும் குடியிருக்காத அறைகளைக் கொண்ட பெரிய வீட்டின் பராமரிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் கொடுப்பதும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதும் ஒன்றல்ல. கொடுத்தால் எவ்வளவு போயிற்று என்றாவது தெரியும். ஜாமீனில் அதுகூடத் தெரியாது. 70 வயதில் இன்னொருவர் கடனை அடைக்க மறுபடி சம்பாதிக்க வழியில்லை.

கடைசியாக, தம்பதிகள் பேசவே விரும்பாத ஒன்று. இருவரில் ஒருவர் போனபின் பல இடங்களில் ஓய்வூதியம் பாதியாகும், சில திட்டங்களில் நின்றேவிடும். வாடகை பாதியாகாது, மின்கட்டணமும் பாதியாகாது. தனியாக இருப்பவருக்கு உதவிக்கு ஆள் வைக்கும் செலவு புதிதாகச் சேரும். ஆகவே இருவரும் இருக்கும்போதே, ஒருவருடைய வருமானத்தை மட்டும் வைத்து ஒரு மாதக் கணக்கை எழுதிப்பாருங்கள். ஓய்வூதியத் தொகையை எந்த முறையில் பெறுவது என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், துணைக்கும் தொடர்ந்து வரும் முறையில் மாதத் தொகை சற்றுக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைகிறது என்று கேட்டு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுங்கள். பெரும்பாலும் அந்தப் படிவத்தில் ஒருமுறை போட்ட டிக்கைப் பிறகு மாற்ற முடியாது.