பழைய மடக்குக்கத்திகளின் வகையைச் சொல்வதில் நேரும் தவறுகள்

மடக்கிப் பையில் வைக்கும் கத்தி எதுவானாலும் அதைப் பேனாக்கத்தி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவிய காலத்தில் பிறந்த அந்தப் பெயரில், பேச்சுவழக்கைப் பொறுத்தவரை, பிழை ஏதுமில்லை. ஆனால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் பின்னர் அமெரிக்காவிலும் உருவான பழைய மடக்குக்கத்திகளைச் சேகரிப்பவர்கள், இரு முனைகளிலும் அலகுள்ள சிறிய கத்தியை மட்டுமே பென் என்பார்கள். எல்லா அலகுகளும் ஒரே முனையில் பொருத்தப்பட்டிருந்தால் அது ஜாக். ஆகவே, எந்த முனையில் எத்தனை அலகுகள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலரும் கைப்பிடி எலும்பா, மான்கொம்பா என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரே வகைக் கத்தி எலும்பிலும் வரும், கொம்பிலும் வரும், மரத்திலும் வரும்.

இரண்டு நீண்ட அலகுகளைக் கண்டதும் டிராப்பர் என்று சொல்லிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. டிராப்பரில் இரண்டும் ஒரே முனையில் இருக்கும். ஒன்று கூர்முனைக் கிளிப் அலகு, மற்றது மழுங்கிய முனையுள்ள ஸ்பே அலகு. கால்நடைகளுக்குக் காயடிக்கும்போது முனை தவறிக் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே ஸ்பே அலகுக்கு அந்த மழுங்கல். இரண்டும் கிளிப் அலகுகளாக, முனைக்கு ஒன்றாக இருந்தால் அது மஸ்க்ரட்.

மூன்று அலகுள்ள கத்தியெல்லாம் ஸ்டாக்மேன் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. விட்லர் என்ற நேர்த்தியான வேலைப்பாட்டை இப்படி அடையாளம் தெரியாமல் கைவிட்டவர்கள் உண்டு. ஸ்டாக்மேனில் வழக்கமாகக் கிளிப், ஷீப்ஃபுட் (வெட்டும் விளிம்பு நேராகவும், முதுகு முனையை நோக்கி வளைந்து இறங்குவதாகவும் உள்ள அலகு), ஸ்பே என மூன்று வடிவங்கள் இருக்கும். விட்லரிலோ ஒரு முனையில் தடித்த பெரிய அலகும், மறுமுனையில் இரு சிறிய அலகுகளும் அமைந்து, சிறியவை ஆளுக்கொரு முதுகு வில்லின்மீதும் (அலகை அதன் நிலையில் அழுத்திப் பிடிக்கும், கைப்பிடியின் முதுகில் உள்ள எஃகுப் பட்டை), பெரியது இரண்டு விற்களின்மீதும் சேர்ந்து அமர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் பெரிய அலகைப் பாதி திறந்து, கத்தியின் முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: இரண்டு விற்களும் ஒருசேர மேலெழுந்தால் அது விட்லர், ஒன்று மட்டும் எழுந்தால் அது ஸ்டாக்மேன் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

கைப்பிடி முனையின் உலோகப் பூணில் பார்லோ என்று பொறித்திருப்பதைப் படித்து, அதைத் தயாரிப்பாளரின் பெயராகக் கொள்பவர்களும் இருக்கிறார்கள். வழக்கத்தைவிட நீளமான அந்தப் பூண்தான் பார்லோ வகையின் அடையாளம். பல நிறுவனங்கள் அதைச் செய்திருக்கின்றன. தயாரிப்பாளரை அலகின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையில் தேட வேண்டும்.

எண்களிலும் கவனம் தேவை. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் என்ற கத்தி நிறுவனத்தின் 6254 என்ற எண்ணில், 6 எலும்புக் கைப்பிடியையும், 2 அலகுகளின் எண்ணிக்கையையும், 54 டிராப்பர் வகையையும் குறிக்கும். இது அந்த நிறுவனத்தின் கணக்கு மட்டுமே; வேறொருவர் செய்த கத்தியில் 54 என்றிருந்தால் அது டிராப்பர் என்று பொருளாகாது.

கடைசியாக, தேய்ந்த அலகு. பல்லாண்டுகள் தீட்டிய கிளிப் அலகு மெலிந்து வேறு வடிவம் போலத் தோன்றும். முனை உடைந்தபின் யாரோ அரைத்துச் சீராக்கியும் இருக்கலாம். அலகை மடக்கி, அது அமரும் பள்ளத்தைப் பாருங்கள். முனைப்பக்கம் பள்ளத்தில் நீளமாக வெற்றிடம் தெரிந்தால், இப்போதுள்ள வடிவத்தை வைத்து அந்தக் கத்திக்குப் பெயரிடக் கூடாது.