பிளக்-இன் ஹைபிரிட்: தொப்பூர் இறக்கத்தில் பேட்டரி நிறைந்திருக்கக் கூடாது

பிளக்-இன் ஹைபிரிட் என்றால் பெட்ரோலிலும், வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றிக் கரன்ட்டிலும் ஓடும் கார். இதை வைத்திருப்பவர்கள் தருமபுரியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சேலம் டவுனுக்கு வேண்டுமே என்று சார்ஜைச் சேமிக்கும் மோடில் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். இதில்தான் நட்டம். தொப்பூர் இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றுவதால் கிடைக்கும் மின்சாரத்தை வாங்க, நிறைந்த பேட்டரியில் இடமில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முழுக்க பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் போய்விடும். முதல் சில கிலோமீட்டரைக் கரன்ட்டிலேயே ஓட்டி 10 சதவீதமாவது காலி செய்யுங்கள். இறக்கம் தொடங்கும்போது 'பி' மோடுக்கு (ஆக்சிலரேட்டரை விட்டாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து பேட்டரியில் சார்ஜ் ஏற்றும் கியர் நிலை) மாற்றுங்கள். முன்னால் லாரி இருந்தால் இடைவெளி விடுங்கள். மெதுவாகக் குறைக்கும் வேகம்தான் பேட்டரிக்குத் திரும்பும், திடீர் பிரேக் வெறும் சூடு.

சார்ஜ் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. ஒரு யூனிட்டில் 5 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. என்று வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! மொட்டைமாடியில் சோலார் இருந்தால் காலை 10 முதல் 3 மணிக்குள் ஏற்றுங்கள், கணக்கே மாறிவிடும்.

16 ஆம்ப் பிளக் பாயின்ட்டுக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், பிளக் கறுத்து உருகும். கிருஷ்ணகிரிப் பக்கம் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியலாம். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; அப்படியும் எரிந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.