கணினி வலையில் இறங்கும் தெய்வங்கள்: கிப்சனைப் படிக்க ஒரு வழி

சைபர்வெளியும் மதமும் ஒன்றோடொன்று கலக்கும் நாவல் எது என்று கேட்டால், வில்லியம் கிப்சனின் 'கவுண்ட் ஜீரோ'வைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைத் திறந்தால் பாதியில் மூடிவிடுவீர்கள். இப்படிப் போங்கள்.

படி 1: 'நியூரோமேன்சர்' (1984)

முதல் 50 பக்கம் தலைகால் புரியாது, பரவாயில்லை. மேட்ரிக்ஸ் என்பது உலகக் கணினிகளின் தரவெல்லாம் கண்முன் விரியும் வெளி. டெக், அதற்குள் நுழையும் கருவி. ஐஸ், தரவைக் காக்கும் அரண். சில வகை ஐஸ் ஆளையே கொன்றுவிடும். இது தெரிந்தால் போதும். முடிவில் இரண்டு செயற்கை நுண்ணறிவுகள் ஒன்றாகின்றன. அடுத்த நாவலின் தெய்வங்களுக்கு வேர் அங்கேதான்.

படி 2: வோடூவைத் தெரிந்துகொள்ளுங்கள்

'கவுண்ட் ஜீரோ'வில் வரும் தெய்வங்கள் வோடூ மதத்தின் தெய்வங்கள். சினிமாவில் வரும் ஊசி குத்திய பொம்மையை மறந்துவிடுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைத்திக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், கத்தோலிக்கப் புனிதர்களின் படங்களுக்குள் தங்கள் தெய்வங்களை மறைத்துக் காப்பாற்றிய மதம் அது. அந்தத் தெய்வங்கள்தான் லோவா. லோவா ஆள்மேல் இறங்கும். இறங்கப்பெற்றவரைக் 'குதிரை' என்பார்கள். சடங்கில் முதல் அழைப்பு லெக்பாவுக்கு. நாற்சந்தியில் நிற்பவர், தெய்வங்களிடம் போகும் வாசலைத் திறப்பவர் அவர்.

படி 3: 'கவுண்ட் ஜீரோ' (1986)

மூன்று கதைகள் மாறிமாறி வரும். குழம்பினால் பாபியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கற்றுக்குட்டியான அவன் இரவல் மென்பொருளை வைத்துக்கொண்டு ஒரு தரவுக் கிடங்கில் கைவைக்கிறான்; ஐஸ் அவன் இதயத்தை நிறுத்துகிறது. மேட்ரிக்ஸுக்குள்ளேயே யாரோ ஒரு பெண் வந்து அவனை மீட்கிறாள். அப்புறம் பொவ்வார், லூக்காஸ் என்ற இருவர் அவனுக்கு நடந்ததை விளக்குகிறார்கள். அந்தப் பக்கங்களை நிதானமாக, முடிந்தால் இரண்டு முறை படியுங்கள்.

வோடூவுக்கு முக்தி, மறுமை பற்றிய அக்கறை இல்லை என்கிறார் பொவ்வார். காரியம் நடத்தித் தரும் மதம் அது என்கிறார். லூக்காஸ் இன்னும் நேரடி: குதிரையாகும் ஜாக்கி என்ற பெண்ணை ஒரு டெக் என்று வைத்துக்கொள், அவள்மேல் இறங்கும் தன்பாலா என்ற லோவாவை ஐஸை உடைக்கும் நிரல் என்று வைத்துக்கொள் என்கிறார். இரண்டில் எது உண்மை என்று கிப்சன் தீர்ப்புச் சொல்வதில்லை. லோவா நிஜமா, நுண்ணறிவின் வேடமா என்று அவசரப்பட்டு நீங்களும் முடிவு கட்டாதீர்கள். இரண்டு பேச்சையும் சேர்த்தே கேட்டால்தான் நாவல் திறக்கும்.

கறுப்பினப் பாத்திரங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையனுக்கு வழிகாட்டுபவர்களாகவே நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. அதையும் கவனித்தபடி படியுங்கள்.

படி 4: அடுத்து

முத்தொகுதியின் கடைசி நாவல் 'மோனா லிசா ஓவர்டிரைவ்' (1988). தெய்வங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி அதிலும் தொடரும். சரி, வேறு மதம் வேண்டுமா? நீல் ஸ்டீஃபன்சனின் 'ஸ்னோ கிராஷ்' (1992) சுமேரியத் தெய்வம் என்கியை மெய்நிகர் உலகத்துக்குக் கொண்டுவருகிறது. அதில் நூலகர் பேசும் அத்தியாயங்கள் நீளம்தான், ஆனால் தாண்டிவிடாதீர்கள். மூளையை நிரல்போல் இயக்கும் மொழி பற்றிய மர்மம் அங்கேதான் அவிழ்கிறது.