ஷிட்ஸு வளர்க்கத் தொடங்குகிறீர்களா? முடியும் கண்ணும் பராமரிக்கும் முறை

ஷிட்ஸு வேட்டைக்கோ காவலுக்கோ உருவான நாய் இனமல்ல. திபெத்திலிருந்து வந்த நாய்களைச் சீன அரண்மனையில் துணைக்காகவும் அழகுக்காகவும் வளர்த்து உருவாக்கியது. சீனப் பேரரசி சிசி 1908-இல் இறந்த பிறகு அந்த வளர்ப்பு சிதறிப்போனது. 1930-களில் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்த சில நாய்களின் வழியாகத்தான் இனம் தப்பியது. நீள முடி, தட்டை முகம், பெரிய கண் என்று அரண்மனை ரசித்த எல்லாவற்றுக்கும் தினசரி கவனிப்பு வேண்டும். 4 முதல் 7 கிலோ எடையுள்ள நாய்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது.

முதலில் முடி. காய்ந்த முடியை அப்படியே சீவினால் உடையும். லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். பிறகு முடியை வகிடு வகிடாகப் பிரித்து, அடியில் தோல் தெரிகிறதா என்று பார்த்து, வயிற்றுப் பக்கமிருந்து முதுகை நோக்கி ஒவ்வொரு அடுக்காகச் சீவுங்கள். மேலாகச் சீவினால் பளபளப்பாகத் தெரியும். அடியில் சிக்கு அப்படியே இருக்கும். காதுக்குப் பின்னாலும், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) உரசும் அக்குளிலும் சிக்கு சீக்கிரம் விழும். அங்கே முடியின் வேரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். அப்போதுதான் தோல் இழுபடாது. கடைசியாகச் சீப்பு எங்கும் தடுக்காமல் ஓட வேண்டும்.

குட்டி முடி மாறும் 10-12 மாத வயதில் சிக்கு மிக அதிகம். தினமும் நேரம் ஒதுக்க முடியாதென்றால் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள், அதில் தவறே இல்லை.

அடுத்து குளியல். சிக்கெடுத்த பிறகுதான் தண்ணீர். நனைந்தால் சிக்கு இறுகிவிடும். அப்புறம் அடிமுடி வரை உலர்த்துங்கள்.

நடைக்குக் கழுத்துப்பட்டையைவிட ஹார்னஸ் நல்லது. தட்டை மூக்கால் உடல் சூட்டைச் சரியாக வெளியேற்ற முடியாது, அதனால் வெயிலில் கூட்டிப்போகாதீர்கள்.

கண்ணைத் தினமும் பாருங்கள். ஈரப்பஞ்சால் கண்ணோரத்தை வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. கண்ணில் விழும் முடியைத் தலைமேல் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கண் சிவந்தாலோ, நாய் ஒரு கண்ணைச் சுருக்கினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடவே கூடாது. கருவிழியில் புண் இருந்தால், ஸ்டீராய்டு கலந்த மருந்து அதை மோசமாக்கிவிடும்.