நமீபியாவுல தண்ணி ஓடாத ஆத்தோரம் யானை பாக்கணுமா

நமீபியா வடமேற்குல ஹோவானிப், ஹோவாருசிப், ஹுவாப், உகாப்னு ஆறுங்க இருக்கு, வருசத்துல முக்காவாசி நாள் வெறும் மணல்தான், ஆனா அடியில ஈரம் இருக்கறதால ரெண்டு கரையிலயும் மரம் பச்சையா நிக்கும், யானை, ஒட்டகச்சிவிங்கி, ஓரிக்ஸ்ங்கற நீளக் கொம்பு மான் எல்லாம் அந்தப் பச்சையைப் புடிச்சுதான் வாழுது. அதனால பாலைவனம் பூரா சுத்தாதீங்க, ஆத்தை விடாம போங்க.

மே முதல் அக்டோபர் வரைக்கும் நல்ல சீசன். என்னைக் கேட்டா செப்டம்பர், அக்டோபர்தான். வெயில் கொளுத்தும், ஆனா ஆத்தோரத்துல நிக்கற அனாங்கற மரத்தோட நெத்து உதிர்ற நேரம், யானை கிளையை உலுக்கி உதுத்து ஒண்ணொண்ணா பொறுக்கித் தின்னும், வண்டியை ஆஃப் பண்ணிட்டு சும்மா உக்காந்திருந்தாலே போதும், ஒரு மரத்தடியில ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

தங்கறதுக்கு, காசு இருந்தா ஹோவானிப் கீழ்ப்பக்கம் குட்டி பிளேன்ல போய் இறங்குற கேம்ப் இருக்கு. இல்லன்னா பால்ம்வாக், செஸ்ஃபொன்டெய்ன்ல லாட்ஜ் எடுத்துட்டு கைடோட வண்டியில போய்ட்டு வரலாம். ஹோவாருசிப் கரையில புர்ரோஸ்ல ஊர்க்காரங்களே நடத்துற டென்ட் இடமும் இருக்கு. முதல் தடவை போறவங்களுக்கு ட்வைஃபெல்ஃபொன்டெய்ன் பக்கம் சுலபம், 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்த பாறைச் செதுக்கலும் பாக்கலாம், பக்கத்து ஆத்துல யானையும் வரும். எங்க புக் பண்ணாலும் அந்த இடம் கன்சர்வன்சிக்குள்ள, அதாவது ஊர்க்காரங்களே சேர்ந்து மிருகங்களைப் பாத்துக்கற பகுதிக்குள்ள இருக்கா, ஊருக்குப் பங்கு போகுதான்னு கேளுங்க. 1996ல வந்த சட்டத்தாலதான் மிருகத்தால வர்ற வருமானம் ஊர் ஜனங்களுக்குக் கிடைக்க ஆரம்பிச்சது, சிங்கம் ஆட்டை அடிச்சாலும் அவங்க பொறுத்துக்கணும்னா அந்தக் காசு அவங்க கைக்குப் போயே ஆகணும்.

சொந்தமா ஓட்டறதா இருந்தா ஃபோர் வீல் டிரைவ், ரெண்டு ஸ்டெப்னி, கூட இன்னொரு வண்டி. மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி டயர் காத்தைக் குறைச்சுக்கோங்க. ஏற்கனவே இருக்கற தடத்தை விட்டு விலகாதீங்க, சரளைத் தரையில பதிஞ்ச டயர் தடம் பல வருசம் அழியாது. ரெண்டு பக்கமும் பாறை நெருக்கற இடத்துல யானை எதுக்க வந்தா பின்னாடி எடுத்து வழி விடுங்க, அதுக்குப் போக வேற வழி கிடையாது.

ஆத்து மணல்ல மட்டும் டென்ட் போடவே போடாதீங்க, எவ்வளவு அழகான நிழலா இருந்தாலும் சரி. ராத்திரி யானையும் சிங்கமும் நடக்கற பாதை அதுதான், மழைக்காலத்துல எங்கயோ கிழக்க மலையில பெய்ஞ்சா இங்க வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துடும். கரை மேல ஏறி, யானைத் தடம் இல்லாத இடமா பாத்துப் படுங்க.

கருப்பு காண்டாமிருகம் கண்ணுல பட்டா போட்டோ எடுங்க, ஆனா போன்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க, எந்த ஆறு எந்த வளைவுன்னு எங்கயும் போடாதீங்க. கொம்புக்காகக் கொல்றவன் அதைத்தான் தேடிட்டு இருக்கான்.